இடது பின் சக்கரம்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்த தப்பில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் சீட்டுத் தைக்கிறவன். கிழிந்த சீட்டைப் பிரித்து, ஸ்பாஞ்சு மாற்றி, புது ரெக்சின் போட்டுத் தருவது தொழில். என்னைப் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். என் கடைக்கும் மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவே இருப்பது ஒரு தகரத் தடுப்பு. அங்கே சுத்தியல் விழுந்தால் இங்கே என் டீ கிளாஸ் ஆடும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஜாக்கியில் நிற்கிற வண்டியின் அடிவயிறு தெரியும். மேஸ்திரி, நான் அண்ணி என்று கூப்பிடுகிற அவர் மனைவி, அண்ணியின் தம்பி, ஒரே மகள். ஆக நாலு பேர். தம்பிக்காரன் வெல்டர். காஸ் சிலிண்டரையும் வெல்டிங் மிஷினையும் வைத்துக்கொண்டு மாமாவின் ஒர்க்‌ஷாப்பிலேயே ஒரு மூலையைப் பிடித்திருந்தான். மகள் நர்சு. மலை மேலே இருக்கிற ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதில் வேலை. தினமும் காலை ஆறரைக்கு ஜீப்பில் ஏறிப் போவாள், சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கி வருவாள். அண்ணி படிக்காதவர், ஆனால் நட்டைக் கண்ணால் பார்த்தே எத்தனையாம் நம்பர் ஸ்பேனர் என்று சொல்லிவிடுவார்.

மேஸ்திரியின் கை பேர் போன கை. எவ்வளவு இறுக்கினோம் என்று முள்ளு காட்டுகிற ஸ்பேனர் ஒன்று உண்டு. பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் வைத்திருப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்களேன் என்றால் சிரிப்பார்.

"கை சொல்லும்டா பஞ்சு. நட்டு சுத்திக்கிட்டே வந்து ஒரு இடத்துல 'போதும்'னு சொல்லும். அதோட விட்டுரணும். அதுக்கு மேல முறுக்குறது நம்ம வீம்பு. போல்ட்டு உள்ளுக்குள்ள இழுபட்டு நீண்டுரும். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா செத்த போல்ட்டு."

அந்தக் கைதான் மூன்று மாதமாகச் சரியில்லை. டீ கிளாஸை இடது கையால் வாங்க ஆரம்பித்தார். சட்டைப் பொத்தானை அண்ணி போட்டுவிட்டார். தரையில் சிந்திய சின்ன வாஷரைப் பொறுக்க முடியாமல் காந்தத்தை வைத்து எடுத்தார். ஒரு நாள் ஒரு காரின் சைலன்சர் குழாயைப் பிடித்தபடி என்னோடு பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஓடி நின்ற வண்டி. கருகின வாசனை எனக்கு முதலில் வந்தது, என்னவென்று புரியவில்லை. அண்ணி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவந்து அவர் கையைத் தட்டிவிட்டார். மூன்று விரல் நுனிகள் வெந்து வெளுத்திருந்தன. அவர் முகத்தில் வலியே இல்லை. 

"டாக்டரைப் பாத்துரலாங்க. அது வேண்டாம்னா நம்ம பொண்ணுகிட்டயாவது காட்டுங்க" என்று அண்ணி கெஞ்சினார்.

"கைக்கு என்ன? முப்பது வருஷமா கிரீஸ்லயும் டீசல்லயும் ஊறின தோலு, தடிச்சுப்போச்சு. இந்தப் பேச்சை இன்னொரு தடவை எடுத்தீங்கன்னா கடையை இழுத்துப் பூட்டிட்டு எங்கயாச்சும் போயிருவேன், ஆமா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. மகள் வீட்டில் இருக்கும்போது அவர் வலது கையைக் கால்சட்டைப் பையை விட்டு வெளியே எடுக்க மாட்டார். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டோம். ஊமை கண்ட கனவாய் ஆளாளுக்கு உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தோம். அவருக்கும் பயம்தான் என்று இப்போது புரிகிறது. அப்போது அதைக் கோபம் என்று நினைத்தோம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஜீப் வந்தது. மகள் தினமும் போகிற அதே ஜீப். வண்டிக்கு முப்பது வயசு. ஓட்டுகிறவருக்கு ஹாரன் என்று பேர். மலையில் இருபத்திரண்டு வளைவு, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஹாரன் அடிக்காமல் அவர் திரும்பியதில்லை. காற்று இந்தப் பக்கம் வீசினால் எங்கள் தெருவில் உட்கார்ந்தபடியே அவர் எத்தனையாவது வளைவில் இருக்கிறார் என்று எண்ணிவிடலாம்.

"மழையில ஓடை அறுத்துக்கிட்டுப் போயிருச்சு மேஸ்திரி" என்றார் ஹாரன். "பத்தாவது வளைவுகிட்ட இறங்கி ஏறணும்ல, அங்க வண்டி வயிறு பாறையில தட்டுது. நேத்து ஆயில் தொட்டி நசுங்கிருச்சு. ஒரு நாலு அங்குலம் தூக்கி விட்டீங்கன்னா பொழச்சுக்குவேன். சனி, ஞாயிறு ரெண்டு நாள் தர்றேன். திங்கக்கிழமை காலைல ஆளுங்க நிப்பாங்க."

மேஸ்திரி ஜீப்பைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். "தூக்கிரலாம். ஆனா உசரம் ஏறினா தலைக்கனமும் ஏறும்யா. வளைவுல முன்ன மாதிரி பறக்கக் கூடாது."

"நான் எங்க பறக்குறேன்? ஹாரன்தான் பறக்குது."

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். ஜீப்பின் உடம்பை ஜாக்கியில் ஏற்றி, நாலு மூலையிலும் இரும்பு முக்காலி கொடுத்து நிறுத்தினார்கள். சக்கரங்களைக் கழற்றினார்கள். கிழிந்த சீட்டுகளை நான் வாங்கி அங்கேயே உட்கார்ந்து தைத்தேன். அச்சுக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற ஸ்பிரிங் பட்டைகள் தேய்ந்து தட்டையாகிப் போயிருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, நன்றாக வளைந்த, ஒரு பட்டை கூடுதலாக உள்ள புதுக் கட்டுகளைப் போட வேண்டும். சொல்வது சுலபம். முப்பது வருஷத் துரு சும்மா விடுமா? மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார்கள். நகரவில்லை. சுத்தியலால் தட்டினார்கள். நகரவில்லை. கடைசியில் வெல்டர் காஸ் வைத்துச் சிவக்கச் சுட்ட பிறகுதான் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு வந்தன. அண்ணி கழற்றினதையெல்லாம் தகரத் தட்டில் சக்கரம் வாரியாகப் பிரித்து வைத்தார். மத்தியானம் ரொட்டியும் அவித்த முட்டையும் வண்டிக்கு அடியிலேயே போயின. என்னையும் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பாடு என்றால் நான் மறுத்துப் பேசுகிறவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பட்டைகள் ஏறின. நீளமான ஷாக் அப்சார்பர், நீளமான பிரேக் குழாய் எல்லாம் மாட்டினார்கள். அச்சையும் பட்டைக் கட்டையும் சேர்த்துக் கவ்விப் பிடிக்கிறது யூ போல்ட். ஒரு சக்கரத்துக்கு இரண்டு யூ போல்ட், நாலு நட்டு. அது விட்டால் அச்சு நழுவும், சக்கரம் கோணும். மலையில் சக்கரம் கோணினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நட்டுகளை மட்டும் மேஸ்திரி யாரிடமும் விடமாட்டார். முன்னால் இரண்டு சக்கரம் முடித்தார். வலது பின் சக்கரம் முடித்தார். இடது பின் சக்கரத்துக்கு வந்தபோது மணி மூன்று இருக்கும்.

டங் என்று ஒரு சத்தம். ஸ்பேனர் அவர் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது.

ஸ்பேனர் விழாத ஒர்க்‌ஷாப் உண்டா? ஆனால் அது விழுந்த பிறகும் அவர் விரல்கள் ஸ்பேனரைப் பிடித்த வாக்கிலேயே மடங்கி இருந்தன. விழுந்தது அவருக்குச் சத்தத்தில்தான் தெரிந்தது. அண்ணி அவசரமாகத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். வெல்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு எதையோ சுட்டான். வாசலில் செருப்புத் துடைத்துக்கொண்டிருந்த மகள் உள்ளே போய்விட்டாள். நான் வாயில் இருந்த ஆணிகளை எண்ணினேன். அவர் ஸ்பேனரை இடது கையால் எடுத்து, வலது கைக்கு மாற்றி, மறுபடியும் குனிந்தார்.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அந்தச் சக்கரம்தான் கண்ணில் நின்றது. மற்ற மூன்றைப் பற்றி நினைப்பே வரவில்லை.

திங்கட்கிழமை ஆறரைக்கு ஹாரன் வந்தார். ஜீப் நாலு அங்குலம் வளர்ந்து நின்றது. மகள் வெள்ளை உடுப்பில் முன் சீட்டில் ஏறும்போது கால் எட்டாமல் சிரித்தாள். அண்ணி அவளுடைய சாப்பாட்டுப் பையை எட்டிக் கொடுத்தார். ஜீப் போய்விட்டது. அடிவாரத்தில் அரை மணி நேரம் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏழு மணிக்குத்தான் மலை ஏறும்.

ஏழு மணிக்கு நான் டீ குடிக்க அங்கே போனேன். மேஸ்திரி பின்னால் குளித்துக்கொண்டிருந்தார். அண்ணி ஒர்க்‌ஷாப்பைப் பெருக்கிக்கொண்டிருந்தார். வெல்டர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "அக்கா, பயப்படாத. அந்தப் பின் சக்கரத்தை நான் நேத்தே பாத்துட்டேன்" என்றான்.

அண்ணி துடைப்பத்தை நிறுத்தினார். "எதைப் பாத்த?"

"மாமா கை நழுவிச்சுல்ல. லூசா இருக்கும்னு தோணிச்சு. அவரு கடைக்குப் போன நேரத்துல நாலு நட்டையும் ஒரு அரைச் சுத்து ஏத்தி விட்டேன். நல்லா நின்னு, கால் உதைச்சு. இனி அசையாது."

அண்ணி அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். "எப்படா?"

"அஞ்சரை மணிக்கு. ஏன்?"

"நான் நாலு மணிக்கே ஏத்திட்டேன்டா. அவரு கை கால் கழுவப் போனாருல்ல, அப்போ."

வெல்டர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.  சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறவள்.

"அண்ணி, நானும்" என்றேன்.

"நீங்களுமா? உங்களுக்கு அதெல்லாம் தெரியுமா பஞ்சண்ணே?" என்றான் வெல்டர்.

"தெரியாதுடா. சீட்டு மாட்ட ஆறு மணிக்கு வந்தேன்ல. மனசு கேக்கல. பெரிய ஸ்பேனரா எடுத்து, மூச்சைப் புடிச்சுக்கிட்டு... நாலையும்."

"எவ்வளவு?"

"முடிஞ்ச மட்டும்."

வெல்டரின் முகம் சாம்பலாகிவிட்டது. "மூணு பேரா? மாமா சரியா வச்சிருந்தா..." அதற்கு மேல் சொல்லாமல் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான்.

"சரியா வைக்கல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மேஸ்திரி கால்சட்டையோடு, தோளில் ஈரத் துண்டோடு கதவில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஸ்பேனர் விழுந்ததும் எனக்கே சந்தேகம். நட்டு 'போதும்'னு சொல்லுச்சா இல்லையான்னு கைக்குத் தெரியல. அதனால ஸ்பேனர்ல மூணடிப் பைப்பைச் செருகி ஏத்தி வச்சேன். பொண்ணு போற வண்டின்னு... கொஞ்சம் கூடவே ஏத்தினேன்." துண்டைக் கீழே போட்டார். "அதுக்கு மேல நீங்க மூணு பேரா? அய்யோ. அது போல்ட்டு இல்ல, நூலு."

அண்ணி மகளுக்குப் போன் போட்டார். போகவில்லை. மூன்றாவது வளைவுக்கு மேல் அங்கே போன் எடுக்காது. ஹாரனுக்குப் போட்டார். அதுவும் போகவில்லை. மறுபடியும் மகளுக்கே போட்டார்.

"வண்டியை எடுறா பஞ்சு."

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். மெக்கானிக் வீட்டில் ஓடுகிற நிலையில் ஒரு ஸ்கூட்டர்கூடக் கிடையாது. என்னுடைய குட்டி லோடு வண்டிதான் கதி. எட்டு போதும் என்றாலும் எப்போதும் பத்தாகவே வளைத்து வாங்குகிறவர் மேஸ்திரி, அதனால் புது யூ போல்ட் இரண்டு மிச்சம் இருந்தது. அவற்றையும் ஸ்பேனர் பையையும் ஜாக்கியையும் தூக்கிப் போட்டுக்கொண்டு அண்ணியும் வெல்டரும் பின்னால் ஸ்பாஞ்சு மூட்டைகளுக்கு நடுவே ஏறினார்கள். மேஸ்திரி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டை போட மறந்திருந்தார். அண்ணி பின்னாலிருந்து ஒரு சட்டையை ஜன்னல் வழியாக நீட்டினார், அதை மடியில் வைத்துக்கொண்டார்.

தூறலில் ரோடு மினுக்கியது. மலை அடிவாரத்தைத் தாண்டும்போது மேலே எங்கோ ஹாரன் கேட்டது. மூன்று தடவை. ஊரெல்லாம் திட்டுகிற அந்தச் சத்தம் அன்றைக்கு என் காதில் தேனாகப் பாய்ந்தது.

"ஓடுது. வண்டி ஓடுது அண்ணே" என்றேன்.

"எத்தனையாவது வளைவு?"

"ஏழாவதா இருக்கும்."

"ஏறும்போது இவ்வளவு பயமில்லடா. ஓடையில முன் சக்கரம் பள்ளத்துல இறங்கும்போது அச்சு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் முறுக்கும். அப்பத்தான் அத்துக்கும். பத்தாவது வளைவுக்கு முன்னாடி புடிச்சாகணும்." முன் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தார். "ஓடைக்கு அந்தப் பக்கம் அஞ்சு வளைவுக்குக் கைப்பிடிச் சுவரு கிடையாது, தெரியுமா?"

தெரியும். தெரிந்ததை அவர் ஏன் சொன்னார் என்று எரிச்சலாக வந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினேன், வழுக்கும்போது விட்டேன், வண்டியும் விட்டு விட்டு இழுத்தது. பின்னாலிருந்து வெல்டர் கூரையைத் தட்டி, "வேகமா போங்கண்ணே" என்று கத்தினான். அண்ணி, "மெதுவா போங்க தம்பி, வழுக்குது" என்று கத்தினார். நான் இரண்டையும் செய்யப் பார்த்தேன்.

மறுபடியும் ஹாரன் கேட்டது, எட்டாவது வளைவு. மேலே ஹாரன் கேட்டது. ஒன்பதாவது என்று எண்ணினேன். பிறகு பத்தாவதுக்கும் கேட்டது. ஜீப் எங்களைவிட முன்னால் போய்க்கொண்டே இருந்தது. மேஸ்திரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஹாரன் சத்தம் வரவில்லை.

"இப்ப கேக்கணும்ல?" என்றார்.

"ஓடையில இறங்குறாரு போல. நேரமாகும்."

ஒரு வளைவு திரும்பினோம். கேட்கவில்லை. இன்னொரு வளைவு திரும்பினோம். மழைத் தண்ணீர் பாறையில் ஒழுகுகிற சத்தமும் என் வண்டியின் சத்தமும்தான். இன்ஜினை நிறுத்துடா என்றார். நிறுத்தினேன். நாலு பேரும் மூச்சுவிடாமல் கேட்டோம். ஒன்றும் இல்லை. அண்ணி பின்னால் அழ ஆரம்பித்தார். சத்தம் போட்டு இல்லை. "கண்ணு, கண்ணு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. முடிஞ்ச மட்டும் முறுக்கினேன் என்று நானே சொன்ன வார்த்தை காதில் திரும்பத் திரும்ப வந்தது. நாலு பேரில் கடைசியாக முறுக்கினவன் நான்தானே. வைக்கோல் போரில் நெருப்புப் பொறியைப் போட்டவன் நான்தானே.

மறுபடி வண்டியை எடுத்து ஓடைக்கு வந்தபோது தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. என் வண்டி அதில் இறங்காது. அக்கரையில் ஜீப்பின் ஈரச் சக்கரத் தடம் ரோட்டில் ஏறி வளைவுக்குள் போயிருந்தது. இடது பக்கத் தடம் ஒரு இடத்தில் இழுபட்டிருந்தது. மேஸ்திரி அதைப் பார்த்தார். பார்த்ததும் சட்டையைத் தோளில் போட்டு, யூ போல்ட்டுகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். முழங்கால் ஆழம், நல்ல இழுப்பு. வெல்டர் ஜாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினான். அண்ணி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிவிட்டார். எனக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. ஆனாலும் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

கரையேறி ஓடினோம். வளைவு திரும்பினதும் ஜீப் நின்றது. நின்றுகொண்டிருந்தது, அதுதான் முக்கியம். மலைப் பக்கச் சுவரில் முகத்தை ஒட்டிக்கொண்டு, பின்பக்கம் கோணலாக, நாலு சக்கரத்துக்கும் கல் முட்டுக் கொடுத்து நின்றது. வண்டியில் வந்த பதினோரு பேரும் ரோட்டோரத்தில் குடைகளுக்கு அடியில் நின்றார்கள். ஹாரன் தலையில் கை வைத்துக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். மகள் இடது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் சேற்றில் முழங்கால் போட்டிருந்தாள். வெள்ளை உடுப்பெல்லாம் சேறு.

அண்ணி ஓடிப் போய் அவள் முகத்தை, தோளை, கையை எல்லாம் தடவிப் பார்த்தார். பார்த்துவிட்டு முதுகில் ஒரு அறை வைத்தார். பிறகு கட்டிக்கொண்டார்.

"ஓடையில ஏறும்போது டப்புன்னு ஒரு சத்தம் மேஸ்திரி" என்றார் ஹாரன். அவர் குரலே இறங்கிப் போயிருந்தது. "கல்லு தெறிச்சுதுன்னு நான் ஓட்டிக்கிட்டே போறேன். இந்தப் பொண்ணு ஸ்டியரிங்க புடிச்சுக்கிட்டுச்சு. 'நிறுத்துங்க, செவுத்துல ஒட்டி நிறுத்துங்க, நிறுத்துங்க'ன்னு ஒரே கத்தல். இன்னும் ஒரு நாப்பதடி போயிருந்தா..." கையை நீட்டி அடுத்த வளைவைக் காட்டினார். அங்கே ரோடு முடிந்து ஆகாயம் தெரிந்தது.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். ஒரு யூ போல்ட் இரண்டாக அத்துத் தொங்கியது. மற்றது இன்னும் பிடித்திருந்தது. அதன் இடுப்பு மெலிந்து, மரையெல்லாம் பிரிந்து போயிருந்தது. அச்சு ஒரு விரல் அகலம் பின்னால் நகர்ந்திருந்தது.

"அப்பா" என்றாள் மகள்.  "என்னாலதாம்ப்பா. திட்டுங்க."

"உன்னாலயா?"

"காலைல நீங்கள்லாம் தூங்கிட்டு இருந்தீங்க. எனக்கு மனசு கேக்கல. நேத்து ஸ்பேனர் விழுந்துச்சுல்ல, அதனால... நான் போய் அந்த நாலு நட்டையும் ஒரு சுத்து ஏத்தினேன். கடைசி நட்டு வெண்ணெய் மாதிரி சுத்துச்சு. நல்லா டைட்டாயிருச்சுன்னு நினைச்சுட்டேன். வர்ற வழியெல்லாம் அது ஏன் அப்படிச் சுத்துச்சுன்னே யோசிச்சுக்கிட்டு வந்தேன். சத்தம் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு."

 வெல்டருக்கு ஒரு மாதிரி சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வருகிற சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். மேஸ்திரி எங்கள் ஒவ்வொருவராகப் பார்த்தார். மனைவியை, மச்சினனை, என்னை, மகளை.

"அஞ்சு பேரு" என்றார். "ஒரு நட்டுக்கு அஞ்சு பேரு. ஒருத்தராச்சும் 'உன் கை போச்சுய்யா'ன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்ல விட்டீங்களா?" என்று கேட்டார் அண்ணி. பல மாதத்துக் கோபம் அதில் இருந்தது. "சொன்னா ஓடிப்போயிருவேன்னீங்க. நீங்க இல்லாம நான் என்ன பண்ணுவேன்னு நான் வாயை மூடிக்கிட்டேன். இன்னிக்கு என் புள்ளையை அந்தப் பள்ளத்துல தேடியிருப்பேன்."

மேஸ்திரி வெல்டரைப் பார்த்து ஜாக்கியை வைக்கச் சொன்னார். வெல்டர் வண்டியைத் தூக்கினான். ஜீப்பில் கிடந்த கடப்பாரையைக் கொடுத்து அச்சை இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பழசைக் கழற்றிப் புது யூ போல்ட் இரண்டையும் ஏற்றினார்கள். முறுக்குகிற நேரம் வந்ததும் மேஸ்திரி ஸ்பேனரை அண்ணியிடம் நீட்டினார்.

"நீ ஒருத்தி மட்டும் முறுக்கு. வேற யாரும் தொடக் கூடாது. பஞ்சு, நீ பத்தடி தள்ளி நில்லு."

நான் பன்னிரண்டடி தள்ளி நின்றேன். அண்ணி நிதானமாக முறுக்கினார். நாலாவது நட்டில் நிறுத்தி, "போதும்ங்குது" என்றார். மேஸ்திரி தலையை ஆட்டினார். ஆட்கள் உடனே ஏறவில்லை. ஹாரன் வெறும் வண்டியை எடுத்துப்போய் அடுத்த வளைவு வரை ஓட்டிக் காட்டின பிறகும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மேஸ்திரி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். அப்போதுதான் சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தானைத் தொடவில்லை. மகளைப் பார்த்து, பையிலிருந்து வலது கையை எடுத்து, விரல்களை விரித்து நீட்டினார்.

"பாரும்மா" என்றார். "எனக்குப் பயமா இருக்கு."

அவர் அப்படிச் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அண்ணி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். மகள் சேற்றைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பையைத் திறந்து, ஒரு ஊசியை உறை பிரித்து எடுத்தாள். அவர் கையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கோங்கப்பா. லேசாத்தான் குத்துவேன். தெரியும்போதெல்லாம் 'ம்'னு சொல்லுங்க."

மேஸ்திரி கண்ணை இறுக மூடிக்கொண்டார். சுண்டு விரலில் குத்தினாள். "ம்" என்றார். மோதிர விரலில் குத்தினாள். "ம்" என்றார், கொஞ்சம் தாமதமாக. நடு விரலில் குத்தினாள். ஆள்காட்டி விரலில் குத்தினாள். கட்டை விரலில் கொஞ்சம் அழுத்தியே குத்தினாள், ஒரு பொட்டு ரத்தம் எழுந்து நின்றது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். மகள் ஊசியைப் பிடித்தபடி எங்களை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் அவர் உள்ளங்கையில் சொட்டியது.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்றார் மேஸ்திரி, கண்ணைத் திறக்காமல். "பயப்படாம குத்தும்மா, அப்பா தாங்கிக்குவேன்."